கொட்டாங்குச்சியும் இரண்டு அங்குலத் தண்ணீரும்

மே மாத விடுமுறையில் இருபத்தைந்து நாள் ஊரில் இருந்துவிட்டு வந்து சென்னை வீட்டின் கதவைத் திறந்தால், அழுகிய முட்டை வாடை. "எலி ஏதாவது செத்துக் கிடக்கும், பரண்ல பாரு" என்றார் அம்மா. பரணில் பழைய பித்தளைப் பாத்திரங்கள் தவிர ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தோம், சமையலறைத் தொட்டியைக் குனிந்து முகர்ந்தோம். கடைசியில், விருந்தாளிகள் வந்தால் மட்டும் பயன்படுகிற சின்னக் குளியலறைதான் குற்றவாளி என்று தெரிந்தது. அரை பாட்டில் பினாயிலை ஊற்றினேன். ஒரு மணி நேரம் வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. அதன்பின் பினாயிலும் முட்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பியது. முதல் இரண்டையும்விட அது மோசம்.

ப்ளம்பர் வந்தார். வாசற்படியில் நின்றபடியே மூக்கைச் சுருக்கினார். "டைல்ஸை உடைச்சுப் பார்த்தாதான் சார் தெரியும்." உடைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, நானே துப்பறியத் தொடங்கினேன். இரண்டு நாள் என்று நினைத்தது இரண்டு வாரம் ஆனது வேறு விஷயம்.

குளியலறை நாற்றத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அந்த அறையிலேயே உற்பத்தியாவது: முடியும் சோப்பும் அழுக்கும் சேர்ந்து அழுகுவது, சிறுநீர் உறைந்து கிடப்பது, ஹீட்டர் தண்ணீர் நாறுவது. மற்றது வெளியிலிருந்து வருவது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் உருவான வாயு, குழாய் வழியே ஏறி நம் வீட்டுக்குள் நுழைகிறது. முதல் சாதிக்குத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டாவதற்கு எவ்வளவு கழுவினாலும் பலன் இல்லை. கதவை அடைக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல்தான் நாம் வருடம் முழுக்கப் பினாயில் வாங்குகிறோம்.

கதவு என்றேனே, அது தண்ணீரால் ஆனது. குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் ஓட்டைக்குக் கீழே, ப்ளம்பர்கள் 'நானி ட்ராப்' என்று சொல்லும் ஒரு வளைவு இருக்கிறது. குளித்த தண்ணீரெல்லாம் ஓடிய பிறகும் அந்த வளைவில் கொஞ்சம் தங்கிவிடும். தண்ணீர் அதைத் தாண்டிப் போகலாம், காற்று தாண்டி வர முடியாது. கழிப்பறைக் கோப்பையில் எப்போதும் தேங்கி நிற்கிற நீரும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாஷ்பேசினுக்குக் கீழே குப்பி போலத் தொங்குவதும் அதுவே. முறையாகச் செய்த ட்ராப்பில் இந்த நீர் அடைப்பின் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். ஊர் முழுவதன் சாக்கடைக்கும் நம் படுக்கையறைக்கும் நடுவே நிற்கும் காவல் மொத்தமே அவ்வளவுதான்.

இந்த எளிய வளைவைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பது எனக்கு இன்னும் வியப்பு. இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் ஞானமகன் ஜான் ஹாரிங்டன், தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறையைப் பற்றி 1596இல் புத்தகமே எழுதிவிட்டார். ஆனால் அவருடைய அமைப்பில் குழாய் நேராகக் கீழே போனது. போன வழியே நாற்றம் திரும்பி வந்தது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, 1775இல், லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குழாயைப் பாம்பு போல வளைத்துக் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டில் இருப்பது அந்த வளைவின் பேரப்பிள்ளை.

சின்னக் குளியலறையின் மர்மம் இங்கேயே அவிழ்ந்துவிட்டது. இருபத்தைந்து நாள் யாரும் அங்கே ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றவில்லை. சென்னை மே மாத வெயிலில் நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் வற்றினாலே 50 மில்லிமீட்டர் காலி. நான் ஊற்றிய பினாயில் வளைவை நிரப்பப் போதவில்லை. இரண்டு மக் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்தேன். அரை மணியில் வாடை போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு நீண்ட நாள் வெளியூர் போகிறவர்கள், கிளம்பும்போது ட்ராப்பை நிரப்பிவிட்டு அதன்மேல் இரண்டு கரண்டி மினரல் ஆயில் ஊற்றிவிட்டுப் போகலாம். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுக்கும். சமையல் எண்ணெயும் தடுக்கும்தான், ஆனால் நாளடைவில் அதுவே காறி நாற ஆரம்பிக்கும்.

வற்றிய ட்ராப் என்பது வெறும் மூக்குப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் நடந்ததைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. 33 மாடிக் கட்டடங்கள். சார்ஸ் தொற்றோடு வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவர் அங்கே 'ஈ' பிளாக்கில் ஒரு வீட்டுக்கு வந்து தங்கி, கழிப்பறையைப் பயன்படுத்தினார். சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு நோய். விசாரித்த அதிகாரிகள் கடைசியில் போய் நின்றது குளியலறைத் தரை ட்ராப்பில். அங்கே பல வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ட்ராப்கள் காய்ந்து கிடந்தன. கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அறைக்குள் காற்றழுத்தம் குறைந்தது. அதை ஈடுகட்டக் கழிவுக் குழாயிலிருந்து கிருமி கலந்த நீர்த்திவலைகள் அறைக்குள் இழுக்கப்பட்டன என்பதுதான் அவர்கள் கண்ட முக்கியமான வழி.

வாளியும் மக்குமாகக் குளித்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. தரை முழுக்கத் தண்ணீர் சிதறும், ட்ராப் நாள்தோறும் நிரம்பும். இப்போது கண்ணாடித் தடுப்பு வைத்து, ஒரு பாதி ஈரம், மறு பாதி காய்ந்த தரை என்று கட்டுகிறார்கள். காய்ந்த பாதியிலும் ஒரு நானி ட்ராப் இருக்கும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. புது வீட்டுக்காரர்கள் பலர் "வீடு பளபளன்னு இருக்கு, ஆனா எங்கேயோ நாறுது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். ஃபேனைப் போட்டதும் நாற்றம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால், எங்கோ ஒரு நீர் அடைப்பு உடைந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

எங்கள் வீட்டுக் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தினமும் நாலு பேர் குளிக்கிற பெரிய குளியலறையிலும் வாடை வந்தது. அங்கே ட்ராப் வற்ற வாய்ப்பே இல்லை. வாடையும் நாள் முழுக்க இருக்காது. காலை ஆறரைக்கு வரும், ஒன்பது மணிக்கு மேல் இருக்காது. அம்மாவின் எலிக் கோட்பாடு மறுபடி தலைதூக்கியது.

மூக்கை நம்பித் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வாடையில் சில நிமிடம் நின்றால் மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். அதனால்தான் வீட்டுக்காரருக்குத் தெரியாத நாற்றம் விருந்தாளிக்கு முதல் மூச்சிலேயே தெரிகிறது. நான் செய்தது இது: இரவில் எல்லோரும் படுத்தபின், ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து விளிம்பை டேப்பால் ஒட்டினேன். தரை ட்ராப்புக்கு ஒன்று, வாஷ்பேசின் ஓட்டைக்கு ஒன்று, சுவருக்குள் குழாய் நுழையும் இடத்துக்கு ஒன்று. காலையில் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நல்ல காற்றை வாங்கிவிட்டு வந்து, ஒவ்வொரு பையாகப் பிரித்து முகர்ந்தேன். மனைவி இதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்கப் போவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதைவிட வேடிக்கையாகச் செய்தார்கள். ஒருவர் கூரைக்கு ஏறிக் குழாயின் உச்சியில் புதினா எண்ணெயையும் சுடுநீரையும் ஊற்றுவார். இன்னொருவர் வீட்டுக்குள் அறை அறையாகப் புதினா மணம் எங்கே வருகிறது என்று தேடுவார். ஊற்றியவர் வீட்டுக்குள் வரக் கூடாது. அவர் கையிலேயே மணம் ஒட்டியிருக்கும்.

பைகள் மூன்று பேரைக் காட்டிக்கொடுத்தன. மூவரும் வெவ்வேறு வாடை.

வாஷ்பேசின் ஓட்டையிலிருந்து வந்தது முட்டை அல்ல, நனைந்த நாய் வாடை. அது முதல் சாதி. குழாயின் உட்சுவரில் சோப்பும் முடியும் தோலின் செதிலும் படிந்து, அதில் பாக்டீரியாக்கள் குடியேறிக் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிவிடும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிறது. படலத்துக்கு அது நல்ல அஸ்திவாரம். குளியலறைச் சுவரில் சின்னச் சாம்பல் நிற ஈக்கள், விட்டில் மாதிரி இறக்கை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் புழுக்கள் வளர்வது இந்தப் படலத்தில்தான். அந்த ஈ கண்ணில் பட்டால் ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று முகராமலே சொல்லிவிடலாம். வாஷ்பேசினின் மேல் விளிம்பருகே, நீர் வழியாமல் இருக்க ஒரு சின்னத் துளை இருக்குமே, அதற்குள்ளும் இதே படலம். அதை யாரும் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை.

இதற்கு மருந்து பிரஷ். ஜல்லடையைக் கழற்றி, முடியைக் கொக்கிக் கம்பியால் இழுத்து எறிந்து, பாட்டில் கழுவும் பிரஷில் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகும். ஆப்பச்சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை பொங்கிச் சுத்தமாகும் என்று பலரும் காணொளி போடுகிறார்கள். பொங்குவது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீரும் கரியமில வாயுவும்தான். படலம் அசையாது.

ஆசிட் வேறு கதை. சைக்கிளில் வந்து விற்கும் ஆசிட்டை ஊற்றினால் நாற்றம் போகும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தேங்கிய கழிவுநீரில் அதன் ஒரு பகுதி வாயுவாக மாறாமல் தண்ணீரிலேயே கரைந்து அடங்கிக் கிடக்கும். அமிலம் பட்டால் அதுவும் வாயுவாகி மேலே வரும். நாற்றத்தைப் போக்க ஊற்றிய ஆசிட்டே நாற்றத்தைக் கிளப்பிவிடும். அதைவிடக் கொடுமை, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றுவது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், ஆளையும் கொல்லும். பிளீச்சிங் பவுடருக்குப் பெரிய பழைய சரித்திரம் உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி லண்டனே மூக்கைப் பிடித்தபோது, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை அதன் கரைசலில்தான் நனைத்துத் தொங்கவிட்டார்கள். தனியாக இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. எதோடும் சேர்க்கக் கூடாது. பாச்சை உருண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது நாற்றத்தைப் போக்குவதில்லை, மேலே இன்னொரு வாடையைப் பூசுகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாஃப்தலீன் ஆவி நல்லதும் அல்ல.

இரண்டாவது பை, வாஷ்பேசினின் நெளிகுழாய் சுவருக்குள் நுழையும் இடம். அசல் சாக்கடை வாடை. ஒன்றேகால் அங்குல நெளிகுழாயை இரண்டு அங்குலக் குழாய்க்குள் சும்மா சொருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் வட்டத்தைத் தள்ளி மறைத்திருந்தார்கள். சுற்றிலும் இருந்த இடைவெளி வழியே காற்று தாராளமாக வந்துபோனது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இப்படித்தான் என்று தயங்காமல் பந்தயம் கட்டுவேன். வாஷிங் மெஷின் குழாயையும் பாருங்கள், அதே கோலம். ஒரு ரப்பர் வளையத்தை வாங்கிச் செருகினேன். முடிந்தது.

மூன்றாவது பை தரை ட்ராப்பில். இதுதான் புரியவில்லை. இரவு நான் பையை ஒட்டும்போது ட்ராப் நிறையத் தண்ணீர் இருந்தது. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. ஒரே இரவில் இவ்வளவு வற்றாது. யாரோ குடித்துவிட்டார்கள்.

முதல் சந்தேகம் முடி மேல். ட்ராப்பின் விளிம்பில் நீண்ட முடிக்கொத்து ஒன்று மாட்டி, ஒரு முனை நீரிலும் மறுமுனை அந்தப் பக்கக் குழாயிலும் தொங்கினால், அகல் விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அது தண்ணீரை ஏற்றிச் சொட்டுச் சொட்டாக அப்புறம் கடத்திவிடும். கையுறை போட்டுத் துழாவினேன். முடி இருந்தது, எடுத்தேன். மறுநாள் காலையிலும் தண்ணீர் குறைந்தது.

அதற்கு அடுத்த நாள் ஆறரை மணிக்கு அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேல் மாடியில் யாரோ ஃப்ளஷ் செய்தார்கள். சுவருக்குள் தடதடவென்று தண்ணீர் இறங்கிய அதே நொடியில் எங்கள் ட்ராப் 'களக், களக்' என்று இரண்டு முறை விழுங்கியது. நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கியது.

நெடுங்குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது அது ஊசிமருந்துக் குழலின் தண்டு மாதிரி. தனக்குக் கீழே இருக்கும் காற்றைத் தள்ளும், தனக்குப் பின்னால் வெற்றிடம்போல உறிஞ்சும். 50 மில்லிமீட்டர் நீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்குதான். உறிஞ்சல் அதைத் தாண்டினால் வழியில் இருக்கிற ட்ராப்களின் தண்ணீரெல்லாம் உள்ளே இழுபடும். எங்கள் வீடு இரண்டாவது மாடி, எங்களுக்கு உறிஞ்சல். தரைத்தளத்தில் எதிர் விளைவு: கீழே அமுங்கிய காற்று ட்ராப்பைக் கிழித்துக்கொண்டு குமிழியிட்டு மேலே வரும். பெருமழையில் சாக்கடை நிரம்பும்போது கீழ்வீடுகளில் திடீரென்று நாறுவதும் இப்படி அமுங்கிய காற்றால்தான். உறிஞ்சல் வராமல் இருக்கத்தான் நெடுங்குழாயை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி வாயைத் திறந்து வைக்கிறார்கள். வென்ட் பைப். இறங்கும் தண்ணீருக்குப் பின்னால் தேவையான காற்று மேலிருந்து வந்துவிட்டால், அது நம் ட்ராப்பில் கை வைக்காது.

மாடிக்கு ஓடினேன். அதே மாடியில்தான் தினமும் நல்ல காற்று வாங்கியிருக்கிறேன், அந்த மூலையைப் பார்த்ததே இல்லை. நாலங்குல வென்ட் பைப் இடுப்பு உயரத்தில் நின்றது. அதன் வாயில் பெரிய கொட்டாங்குச்சி ஒன்று கச்சிதமாகக் கவிழ்த்து, சுற்றிலும் சிமெண்டு பூசியிருந்தது. நாலடி தள்ளி வெள்ளை வேட்டியில் கூழ் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் மாடி மாமியிடம் போனேன். "ஆமாம் சார், நான்தான் வாட்ச்மேன்கிட்ட சொல்லி மூடச் சொன்னேன். வடகம் பக்கத்துல அந்த நாத்தம் வந்தா எப்படி? ஏப்ரல்லயே மூடியாச்சே." மாமியின் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் குழாய் இடுப்பு உயரத்தில் நின்றிருக்கவே கூடாது. மனிதர் நடமாடும் மாடியில் தலைக்கு மேல் போயிருக்க வேண்டும். கட்டியவர் மிச்சம் பிடித்த சில அடிக் குழாயின் விலையை மாமி வடகத்திலும், நாங்கள் மூக்கிலும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மாமியோடு சேர்ந்து ஆராய்ந்ததில் அவர்கள் வீட்டிலும் ஒரு வாடை உண்டு, ஆனால் வெந்நீரில் மட்டும் என்று தெரிந்தது. ஒரு டம்ளர் வெந்நீரை வராந்தாவுக்கு எடுத்துப்போய் முகர்ந்தோம். தண்ணீரே நாறியது. அப்படியானால் குழாய் குற்றவாளி அல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் ஹீட்டருக்குள் வெதுவெதுப்பில் பெருகுகின்றன. துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மக்னீசியத் தண்டு அவற்றுக்கு உதவி செய்கிறது. தொட்டியை வடித்து, 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூடாக்கி வடித்தார்கள். குறைந்தது. தண்டை மாற்றினால் இன்னும் நல்லது.

சரி, நம் குழாய். ப்ளம்பரை மறுபடி கூப்பிட்டு, டைல்ஸ் பேச்சே எடுக்காமல் மாடிக்கு அழைத்துப்போனேன். கொட்டாங்குச்சியைச் சுத்தியலால் தட்டியதும் உள்ளிருந்து புஸ்ஸென்று வந்த காற்றில் இருவரும் பின்வாங்கினோம். அவர் சொன்னதுதான் எனக்கு அன்றைக்கு அதிகம் உறைத்தது: "இது பரவாயில்ல சார். நாத்தம் தெரியுதே. சேம்பருக்குள்ள இறங்கினா சில நேரம் நாத்தமே தெரியாது, அதுதான் ஆபத்து." உண்மை. நம் மூக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடியில் சில பங்கு அளவிலேயே கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மோப்ப நரம்பு மரத்துப்போய், வாடையே இல்லை என்று சொல்லும். அதற்கும் பல மடங்கு மேல் போனால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். குளியலறையில் நாம் முகர்வது முதல் அளவு, செப்டிக் டேங்குக்குள் இருக்கக்கூடியது கடைசி அளவு. பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள்ளோ டேங்குக்குள்ளோ இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டு நாற்றத்தின் தடயம் டேங்க் வரை போகிறது என்றால் லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை இறக்காதீர்கள், தீக்குச்சி கிழித்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே மீத்தேனும் இருக்கும்.

வென்ட் பைப்பை ஆறடி உயர்த்தி, உச்சியில் தொப்பி மாட்டி, கொசு நுழையாமல் வலை கட்டினோம். ஒட்டடையும் தூசியும் அடைத்தால் அதுவும் இன்னொரு கொட்டாங்குச்சிதான் என்பதால், வலையைத் தட்டிச் சுத்தம் செய்வதை வாட்ச்மேன் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். மறுநாள் ஆறரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே ஃப்ளஷ். சுவருக்குள் தடதட. ட்ராப்பில் தண்ணீர் லேசாக ஆடிவிட்டு அப்படியே நின்றது.

சின்னக் குளியலறைக்கு வெள்ளிதோறும் இரண்டு மக் என்று அம்மா தினசரிக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். எலி விஷயத்தில் அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.